இரண்டாவது பிரேக்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டியில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று ஓட்டுபவரின் காலடியில். இன்னொன்று பக்கத்து இருக்கையில், கற்றுக்கொடுப்பவரின் காலடியில். எங்கள் பகுதியில் இந்த இரண்டாவது பிரேக்கைப் பல வருடங்களாக ஆண்டுவந்தது ஒரு பெண்ணின் வலது கால்.

அந்த மிதியில் காலை வைத்துக்கொண்டே உட்கார முடியாது. வைத்தால் வண்டி இழுக்கும். குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதத்தை மிதிக்கு ஒரு விரல்கடை மேலே நிறுத்தி வைத்திருக்கவேண்டும். பயிற்சி முடியும்வரை அப்படியே. பார்க்கிறவர்களுக்கு அவர் சும்மா உட்கார்ந்திருப்பதுபோலத்தான் தெரியும். மடியில் கை, ஜன்னலுக்கு வெளியே பார்வை, தூக்கம் வந்துவிட்டவர் முகம். கால் மட்டும் விழித்திருக்கும்.

எல்லோரும் அவரை பிரேக் அக்கா என்றார்கள். அவரைவிட வயதில் மூத்தவர்களும்.

மற்றவர்கள் பிரேக் போட்டால் கற்றுக்கொள்பவரின் மூக்கு ஸ்டியரிங்கைத் தொட்டுவிட்டுத் திரும்பும். அக்கா போட்டால் போட்டதே தெரியாது. இரண்டு மிதிகளும் ஒரே கம்பியில் கட்டப்பட்டவை. ஒன்று இறங்கினால் மற்றதும் இறங்கும். ஓட்டுபவரின் கால் பயந்துபோய் எப்படியோ பிரேக்குக்கு வந்து சேரும். சேர்ந்த அந்தக் கணத்தில் அக்காவின் கால் இறங்கும். தன் பாதத்துக்குக் கீழே மிதி இறங்குவதை உணர்ந்தவர், தானே மிதித்ததாக நம்பிவிடுவார்.

இறைச்சிக்கடைக்காரர் ஒருவர் வண்டியிலிருந்து இறங்கி மனைவியிடம் சொன்னார்: "நாய் குறுக்க வந்துச்சு. கத்தி போட்ட மாதிரி நிறுத்திட்டேன்ல."

"நல்லா நிறுத்தினீங்க" என்றார் அக்கா.

இதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. கணவரிடம் மட்டும் ஒருமுறை காரணம் சொன்னார். "நான்தான் நிறுத்தறேன்னு தெரிஞ்சா அப்புறம் என் காலை நம்பித்தான் ஓட்டுவாங்க. அவங்க காலை நம்ப மாட்டாங்க."

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கண்ணாடி வில்லைகளை அளந்து தேய்த்துச் சட்டத்துக்குள் உட்காரவைப்பது அவர் வேலை. அவருக்கும் காரோட்டத் தெரியும், ஆனால் வேறு பள்ளியில் கற்றுக்கொண்டார். "கட்டினவரையும் காரையும் ஒரே நேரத்துல ஓட்ட என்னால ஆகாது" என்று அக்கா அனுப்பிவிட்டார்.

வலி தொடங்கியபோது அதைத் தொழில் வலி என்றுதான் நினைத்தார். தையல்காரருக்கு முதுகு, சுமை தூக்குபவருக்குத் தோள், தனக்குத் தொடை. வலி தொடையின் மேல்பகுதியில், இடுப்போடு சேரும் இடத்தில் இருந்தது. அழுத்தமாக மிதித்த நாட்களில் வலித்தால் நியாயம். மிதிக்காத நாட்களிலும் வலித்தது. படுத்தால் அதிகமாக வலித்தது. தைலம் தேய்த்தார். மாத்திரை போட்டார். சரியாகப் பிரேக் போடத் தெரியாத இரண்டு மூன்று பேரை மனதுக்குள் திட்டினார்.

பிறகு, வேறு யாரும் செய்யமாட்டாத ஒரு தவறைச் செய்தார். வலது காலுக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று இடது காலை பிரேக்குக்கு மாற்றினார்.

இடது காலுக்கு அந்த வேலை தெரியவில்லை. தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் சந்து முனையில் வண்டியைத் திருப்பினாள். எதிரே ஒரு சைக்கிள். அக்காவின் இடது கால் இடிபோல இறங்கியது. வண்டி குலுங்கி நின்றது. அந்தப் பெண் கைகளை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டு மெதுவாகத் திரும்பினாள்.

"அக்கா. நீங்களா போட்டீங்க?"

அக்கா இடது காலை மிதியிலிருந்து எடுத்தார்.

"அப்ப இத்தனை நாளும் நீங்கதானா?"

அன்று மாலை கணவரிடம், "ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றார். வலிக்காக இத்தனை மாதம் போகாதவர், பிடிபட்டதற்காகப் போனார்.

எக்ஸ்ரே படத்தில் தொடையெலும்பின் மேல்முனை, காகிதத்தில் எண்ணெய் ஊறியதுபோல ஓரிடத்தில் மங்கியிருந்தது. வேறு படங்கள் எடுத்தார்கள். ஊசி விட்டுத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில், எலும்புக் கட்டிகளை மட்டும் பார்க்கும் டாக்டர் ஒருவரிடம் வந்து சேர்ந்தார்கள். ஒல்லியான மனிதர். வயது ஐம்பதுக்கு மேல். எதிரே இருப்பவர் பேசி முடித்த பிறகும் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருப்பதுபோல இருப்பார்.

"குருத்தெலும்பிலேர்ந்து வர்ற கட்டி" என்றார். "கெட்ட கட்டிதான். ஆனா மெதுவா வளர்ற ஜாதி. இதுக்கு மருந்து கேக்காது, கதிர்வீச்சும் கேக்காது. வெட்டி எடுக்கணும்."

"பிரேக் போட்டதால வந்ததா டாக்டர்?"

"இல்லை."

"இடது காலுக்கு முன்னாடியே மாத்தியிருந்தா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

அக்காவுக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. காலைக் குற்றம் சொல்லியே பழகிவிட்டார். கால் ஒன்றும் செய்யவில்லை என்று தெரிந்ததும் அதன்மேல் இரக்கம் வந்தது.

டாக்டர் அலமாரியைத் திறந்து ஒரு துணிப்பையை எடுத்தார். உள்ளே, நோயாளிகளுக்குக் காட்டுவதற்காக வைத்திருந்த உலோகத் துண்டு. ஒரு ஜாண் நீளம். மேலே ஒரு பந்து. கீழே மெலிந்துகொண்டே போகும் தண்டு.

"எலும்புல இவ்வளவு எடுத்துடுவேன். கட்டியைக் கத்தி தொடக்கூடாது. சுத்தியிருக்கிற நல்ல சதையையும் போர்வை மாதிரி சேர்த்துத்தான் எடுக்கணும். எடுத்த நீளத்துக்கு இது. இந்தத் தண்டு, மிச்சமிருக்கிற எலும்போட குழலுக்குள்ள இறங்கும். பந்து இடுப்புக் கிண்ணத்துல உக்காரும்."

அக்கா அதை வாங்கிப் பார்த்தார். நினைத்த கனம் இல்லை. பக்கவாட்டில் சின்னச் சின்னத் துளைகள் இருந்தன.

"இது எதுக்கு?"

"தசையைக் கட்டறதுக்கு. எலும்பு போயிட்டா தசையெல்லாம் பிடி இல்லாமத் தொங்கும். அதை இழுத்து இந்தத் துளைகள்ல தைப்பேன்."

"சதையை இரும்போடயா?"

"இரும்போடதான்."

கணவர் அதைக் கையில் வாங்கி, வழக்கப்படி கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். பந்தில் அறை முழுவதும் இருந்தது. ஜன்னல், அலமாரி, டாக்டரின் வெள்ளைக் கோட்டு, கடுகளவில் தானும் மனைவியும். வாழ்நாள் முழுக்கக் கண்ணாடியைத் தேய்த்துவருபவர். கைக்குட்டையை எடுத்து, தன் விரல் பட்ட இடத்தைத் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

"எவ்வளவு வழவழப்பு" என்றார்.

"ஒண்ணு சொல்லணும்" என்றார் டாக்டர். "உள்ள போய்ப் பாக்கும்போது கட்டி பெரிய ரத்தக்குழாயைப் பிடிச்சிருந்தா, காலையே எடுக்கவேண்டி வரலாம். படத்துல அப்படித் தெரியல. ஆனா சொல்லாம இருக்கக்கூடாது."

அக்கா டாக்டர் கையிலிருந்த துண்டின் துளைகளைப் பார்த்தார். "கால் நின்னுச்சுன்னா பிரேக் போடலாமா?"

"நடக்கலாம். கொஞ்சம் சாய்ஞ்சு நடப்பீங்க. பிரேக்..." டாக்டர் யோசித்தார். "தெரியலம்மா. இதுவரைக்கும் என்கிட்ட யாரும் கேட்டதில்லை."

அறுவைக்குச் சேர்ந்த வார்டில், சக்கர நாற்காலி தள்ளும் பெண்தான் டாக்டரைப் பற்றி அந்தச் சேதியைச் சொன்னாள். அவள் வாய்க்கு ஆஸ்பத்திரியில் தாழ்ப்பாள் கிடையாது.

"நம்ம டாக்டரா? கை தங்கம்க்கா. ஆனா ஸ்டியரிங்கைக் கண்டா நடுங்குவாரு. அவங்க வீட்டம்மாதான் தினமும் கொண்டாந்து இறக்கிவிட்டுப் போறாங்க, பிள்ளைய ஸ்கூல்ல விடற மாதிரி."

மறுநாள் டாக்டர் வந்தபோது அக்கா கேட்டேவிட்டார்.

"டாக்டர், நீங்க கார் ஓட்ட மாட்டீங்களாமே."

"யாரு சொன்னா?"

"ஆஸ்பத்திரியே சொல்லுது."

டாக்டர் நாற்காலி தள்ளும் பெண்ணைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"ஆமா. பயம்."

"ஒருத்தர் தொடையை அறுக்கப் பயமில்லை. ரோட்டுல போகப் பயமா?"

"ரோட்டுல எதிர்ல வர்றவன் என்ன செய்வான்னு தெரியாது. இங்க எதிர்ல யாரும் வர்றதில்லை." பிறகு கொஞ்சம் யோசித்து, "வந்தாலும் மெதுவாத்தான் வரும்" என்றார்.

அக்கா சிரித்துவிட்டார். சிரித்த பிறகு, இவரை நம்பலாம் என்று தோன்றியது. பயமே இல்லாதவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர் நிறையப் பார்த்திருக்கிறார். இடித்ததெல்லாம் அவர்கள்தான்.

அறுவை காலையில் தொடங்கி மதியத்தைத் தாண்டியது. கண் விழித்தபோது இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லாததுபோல இருந்தது. கணவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார்.

"இருக்கா?" என்றார் அக்கா.

"இருக்கு."

"பாத்தீங்களா, அவங்க சொன்னாங்களா?"

"புடிச்சிட்டுதான் நிக்கறேன்."

"எந்தக் காலை?"

"வலது. கட்டை விரலை."

"எனக்குத் தெரியலையே."

"எனக்குத் தெரியுதே. சூடா இருக்கு."

அவர் அந்த விரலை விடவில்லை. மருந்தின் மரப்பு இறங்கி, யாரோ விரலைப் பிடித்திருப்பது அக்காவுக்கே தெரிகிறவரை அப்படியே நின்றார்.

அதன் பிறகு விதிகள் வந்தன. கால்மேல் கால் போடக்கூடாது. குனியக்கூடாது. பாதத்தை உள்பக்கமாகத் திருப்பக்கூடாது. படுக்கும்போது இரண்டு கால்களுக்கும் நடுவே தலையணை. மீறினால் பந்து கிண்ணத்தைவிட்டு வெளியே வந்துவிடும். அக்கா ஒவ்வொன்றையும் சரியாகக் கடைப்பிடித்தார். சாலை விதிகளைப் பிறருக்குச் சொல்லியே வாழ்ந்தவருக்கு விதிகள் கஷ்டமில்லை. அப்படித்தான் நினைத்தார்.

படம் எடுக்க ஒருநாள் காலையில் கூட்டிப்போனபோது, நாற்காலி தள்ளும் பெண் சரிவுப் பாதையில் அவரை இறக்கிக்கொண்டிருந்தாள். பேச்சு சுவாரசியத்தில் கொஞ்சம் வேகம் கூடிவிட்டது. திருப்பத்தில் எதிரே சலவைத் துணி வண்டி ஒன்று வந்தது.

அக்காவின் வலது கால் பிரேக் போட்டது.

அங்கே பிரேக் இல்லை. கால்தாங்கிப் பலகைதான் இருந்தது. அதன்மேல் பாதம் அழுத்தமாக இறங்கியது. தொடைக்குள் தீ ஓடியதுபோல ஒரு வலி. அவர் அலறியதில் துணி வண்டிக்காரர் துணியையெல்லாம் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"அக்கா, நான்தான் புடிச்சிருக்கேன்ல. நீங்க ஏன்க்கா போட்டீங்க?" அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மறுபடி படம் எடுத்தார்கள். பந்து கிண்ணத்திலேயே இருந்தது. தண்டு அசையவில்லை. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு அறைக்கு வந்தார். கோபமாகத்தான் வந்தார்.

"தசையை இப்ப நூல்தான் பிடிச்சிருக்கு. வடு வளர்ந்து உலோகத்தைக் கவ்வணும். அதுவரைக்கும் இது கண்ணாடிக் கால். யார் உங்களை மிதிக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல டாக்டர். நானும் சொல்லல. கால் தானாப் போச்சு."

டாக்டர் அவர் காலைப் பார்த்தார்.

"தானாவா?"

"வண்டியைப் பாத்தேன். அப்புறம் பாத்தா கால் கீழ இருக்கு."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். தான் அறுத்தெடுத்த எலும்பு எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். எந்தத் தசையை எந்தத் துளையில் தைத்தோம் என்பதும் தெரியும். பிரேக்குக்கான அந்தக் கட்டளை மூளையிலிருந்து கிளம்பி முதுகுத்தண்டு வழியாக இறங்கி, இரும்பைச் சுற்றிப் புதிதாகத் தைத்த சதைக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. வழியில் யாரையும் விசாரிக்கவில்லை.

"எலும்பு மாறின சேதி இன்னும் மேல போகல போலிருக்கு" என்றார் மெதுவாக. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. போகும்போது மட்டும் நாற்காலி தள்ளும் பெண்ணிடம், "இனிமே நாற்காலியைத் திருப்பிப் பிடிச்சு, பின்பக்கமா இறக்கு. எதிர்ல வர்றது தெரியவேண்டாம்" என்றார்.

அறுத்தெடுத்த துண்டைச் சோதித்து, ஓரங்கள் சுத்தமாக இருப்பதாகச் சொன்னார்கள். அக்கா வீட்டுக்கு வந்தார். நாலுகால் தாங்கி, பிறகு ஊன்றுகோல், பிறகு கைத்தடி. நடக்கும்போது உடம்பு வலப்பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. கணவர் ஓட்டும் காரில் பின் இருக்கையில்தான் உட்கார்ந்தார். முன்னால் உட்கார்ந்தால் கால் சும்மா இருக்காது என்று இருவருக்கும் தெரியும்.

பயிற்சிப் பள்ளி முதலாளி மரியாதை தெரிந்தவர். அவருக்கு மேஜையும் மின்விசிறியும் கொடுத்தார். சாலைக் குறியீடுகளைப் பலகையில் காட்டி வகுப்பெடுக்கும் வேலை.

"கோவிச்சுக்காதீங்கக்கா. ரோட்டுல ஒண்ணு ஆச்சுன்னா உங்க காலைத்தான் சொல்லுவாங்க. கால் நல்லாருக்குன்னு உங்க டாக்டர் வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். மறுநாளே சீட் உங்களுது."

அக்கா பலகையில் சிவப்பு வட்டத்தையும் நீல அம்பையும் காட்டினார். அவருடைய வண்டியில் இப்போது வேறொருவர் உட்கார்ந்தார். அவர் பிரேக் போடும் சத்தம் அலுவலகம்வரை கேட்டது. ஒவ்வொரு முறையும் அக்காவின் பாதம் மேஜைக்கடியில் ஒரு விரல்கடை எழுந்து நின்றது.

அடுத்த பரிசோதனையில் டாக்டர் எல்லாப் படங்களையும் பார்த்தார். கட்டி திரும்பவில்லை. நெஞ்சுக்கும் பரவவில்லை.

"எல்லாம் நல்லாருக்கு. நீங்க வீட்டுக் காரை ஓட்டலாம்."

"என் வேலைக்குப் போகலாமா? உங்க வாயால ஒரு வார்த்தை கேக்கறார் முதலாளி."

டாக்டர் படத்தைத் திரும்பப் பார்த்தார். "படத்துல தண்டு நேரா இருக்கு. உங்க கால் நேரத்துக்குப் போகுமான்னு படம் சொல்லாது. வேற ஒருத்தர் உயிர் சம்பந்தப்பட்டது. எதைப் பாத்து நான் வார்த்தை கொடுக்கறது?"

"அப்ப வந்து பாருங்க."

"எங்க?"

"கார்ல. நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காரறேன்."

கணவர் இருமினார். டாக்டர் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார்.

"எனக்கு ஓட்டத் தெரியாதும்மா."

"தெரிஞ்சவங்களுக்கு எதுக்கு டாக்டர் இரண்டாவது பிரேக்?"

விடுமுறை நாளொன்றில், ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே என்று முடிவானது. முதலாளி தயங்கித்தான் வண்டியைக் கொடுத்தார். கணவர் கைத்தடியை வாங்கிக்கொண்டு நுழைவாயில் அருகே நின்றார். நாற்காலி தள்ளும் பெண் ஒரு காலி நாற்காலியோடு வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"இது எதுக்கு?" என்றார் கணவர்.

"யாருக்காவது தேவைப்படும்ணே."

டாக்டர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விதத்தில் விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. அக்கா இடது இருக்கையில் உட்கார்ந்தார். இடுப்புக்குக் கீழே ஒரு மெத்தை. குதிகாலை ஊன்றினார். பாதத்தைத் தூக்கினார். அது எழுந்து நின்றது. எத்தனை நேரம் நிற்கும் என்று அவருக்கே தெரியாது. மடியில் கை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

அக்கா சொல்லச் சொல்ல வண்டி உதறிக்கொண்டு கிளம்பியது. சலவைக் கூடத்தைத் தாண்டி, நோயாளிகள் வெயில் காயும் புல்வெளியைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனது. தொட்டியின் தூண் அருகே டாக்டரின் மூச்சு நின்றது. வண்டியும் நின்றது. பிறகு மறுபடி கிளம்பியது. பின்வாசலில் தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து, எந்தப் பக்கம் போவது என்று யோசித்தது. வண்டி நின்று அதற்கு நேரம் கொடுத்தது. கடைசித் திருப்பத்தில் மருந்துப் பெட்டிகளோடு தள்ளுவண்டி ஒன்று குறுக்கே வந்தது. டாக்டரின் கால் தடுமாறிப் பிரேக்கைத் தேடிப் பிடித்தது. வண்டி தண்ணீரில் படகு ஒதுங்குவதுபோல நின்றது. பெட்டிகளில் ஒன்றுகூட அசையவில்லை.

டாக்டர் கியரை விடுவித்து, கைப்பிரேக்கை இழுத்தார். சட்டை நனைந்திருந்தது. முகத்தில் சிறுபிள்ளைக்குரிய ஒரு பெருமை.

"நின்னுட்டேன், பாத்தீங்களா" என்றார். "மூணு இடத்துலயும். இது இவ்வளவு சுலபம்னு தெரியாமப் போச்சே." சட்டென்று நினைவு வந்து முகம் வாடியது. "ஆனா உங்க காலுக்கு வேலையே வரலையே. நான் எதைப் பாத்துச் சொல்றது?"

அக்கா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தொடைக்குள் ஒரு சூடு இருந்தது. வலி இல்லை, வேலை செய்த உடம்பின் சூடு. அந்த ஒரு ஜாண் இரும்பும் அதைக் கவ்விய சதையும் தூணுக்கு, நாய்க்கு, தள்ளுவண்டிக்கு என்று அளந்து அளந்து இறங்கியிருந்தன. பக்கத்தில் இருந்தவருக்குத் தெரியவில்லை. அதைச் செய்துவைத்தவருக்கே தெரியவில்லை.

எத்தனையோ பேர் இறங்கிப்போய்ப் பெருமையடித்திருக்கிறார்கள். யாருக்கும் அவர் சொன்னதில்லை.

"மூணும் நான் போட்டது டாக்டர்" என்றார்.

டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கீழே, அவர் காலைப் பார்த்தார். அது மிதிக்கு ஒரு விரல்கடை மேலே, அசையாமல், காற்றில் நின்றிருந்தது. அந்தப் பாதத்திலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து தொடை என்று டாக்டரின் கண் மேலே ஏறி, தன் கை போய்வந்த இடத்தில் போய் நின்றது.

தள்ளுவண்டிக்காரர் நகர்ந்துவிட்டிருந்தார். பாதை காலியாக இருந்தது.

"இன்னொரு தடவை" என்றார் டாக்டர். "போடும்போது நான் பாக்கணும்."

"போலாம். கைப்பிரேக்கை எடுங்க."

வண்டி நகர்ந்தது. டாக்டரின் தலை இடதுபக்கமாகக் குனிந்தே இருந்தது.

"டாக்டர்" என்றார் பிரேக் அக்கா. "ரோட்டைப் பாருங்க."